வலிக்காத புண்: முதிய உறுப்பினர்களின் பாதநலமும் வீட்டுப் பாதுகாப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாடம்பாக்கம் பகுதியிலுள்ள சங்கம் ஒன்றுக்கு ஆய்வுக்காக நாம் சென்றிருந்தோம். நண்பகல் வேளையில் எழுபது வயதைக் கடந்த உறுப்பினர் ஒருவர் உரத்துக்குப் பணம் கட்ட வந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டு வாழ்ந்தவர். சுற்றிலும் வீட்டுமனைகள் பெருகிய பின்னரும் எஞ்சிய சிறு நிலத்தில் கீரை பயிரிட்டு வந்தவர். அவர் நின்ற இடத்தில் தரையில் சிவந்த சுவடுகள் பதிந்திருந்தன. எழுத்தர்தான் அதை முதலில் கண்டு, "ஐயா, காலில் என்ன?" என்று கேட்டார். பெரியவர் காலைத் தூக்கிப் பார்த்தார். ஓர் ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. "காலையிலிருந்து இதோடுதான் நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. வலியே இல்லையே, தம்பி!" என்று சொல்லிச் சிரித்தார்.

நாமும் சங்கத்தின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து, மருந்திட்டுக் கட்டி, வலி இல்லையாதலால் பெரிதாக ஒன்றுமில்லை என்று எண்ணி அவரை அனுப்பிவிட்டுப் பேரேட்டைப் பார்க்கத் தொடங்கினோம். அடுத்த முறை அச்சங்கத்துக்குச் சென்றபொழுது அவர் கைத்தடியூன்றி வந்தார். நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் புண் புரையோடி, இரண்டு விரல்கள் அகற்றப்பட்டிருந்தன. வலியில்லை என்ற சொல்லை நாம் நற்செய்தியாகக் கொண்டோம். உண்மையில் அச்சொல்லே அன்றைய எச்சரிக்கை. அதை அறிந்திருந்தால் அந்த நண்பகலிலேயே அவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருப்போம். நம்மைப் போல் பிறரும் தவறிவிடலாகாது என்னும் எண்ணத்தினாலேயே இப்பாடத்தை எழுத முற்பட்டோம்.

வலி ஏன் மறைகிறது?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே, நம் சங்கங்களின் உறுப்பினர் குடும்பங்களிலும் இந்நோய் உடையவர் பலர் இருப்பர்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருப்பின் நரம்புகள் பழுதடைகின்றன. உடலில் மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்வனவாதலால் பழுது பெரும்பாலும் கால்விரல்களிலேயே தொடங்குகிறது. முதலில் எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம். பின்னர் அவையும் அடங்கிவிடும். "இப்பொழுது எரிச்சல் குறைந்துவிட்டது" என்று முதியவர் மகிழ்வார். ஆனால் உணர்ச்சியே அற்றுப்போனமையால் எரிச்சல் நின்றிருக்கக் கூடும்.

நரம்புப் பழுது உணர்ச்சியை மட்டும் பாதிப்பதன்று. வியர்வையை இயக்கும் நரம்பு கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. அவ்வெடிப்பின் வழியே கிருமிகள் நுழைகின்றன. தசையை இயக்கும் நரம்பு கெடுவதால் விரல்கள் மடங்கி, பாதத்தின் சில இடங்களில் மட்டும் உடலின் பாரம் அழுந்துகிறது. அவ்விடத்தில் ஆணிக்கால் தோன்றி, அதன் கீழே புண் உண்டாகிறது. இவற்றுடன் இரத்தக் குழாய்களும் சுருங்கியிருப்பின் புண் ஆறுவது கடினம். பீடி, சிகரெட் பழக்கம் அச்சுருக்கத்தை விரைவுபடுத்தும்.

குழித்தறியில் நாற்பது ஆண்டுகள் மிதிபலகையை மிதித்தவரின் பாதமும், சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலுடன் நடந்தவரின் பாதமும் தடித்துக் காய்ப்பேறியிருக்கும். ஆகையால் சிறு மாறுதல் அவர்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நம் உறுப்பினர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருமணியும் வேலூரும் கற்பித்தவை

உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்கும் முறையை உலகம் பெருமளவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே கற்றது என்பதை உறுப்பினர்கள் அறிந்து பெருமை கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து இரயிலில் தெற்கே சென்றால் செங்கற்பட்டு. அதனையடுத்த திருமணியில் தொழுநோயாளர்க்கான லேடி வெலிங்டன் மருத்துவ நிலையம் இருந்தது. 1955 ஆம் ஆண்டில் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. அங்கே டாக்டர் இராபர்ட் காக்ரேன் பணியாற்றி வந்த காலத்தில், 1947 ஆம் ஆண்டில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டு வருகை தந்தார். அவர் 1914 ஆம் ஆண்டில் நம் கொல்லிமலையில் பிறந்தவர். மடங்கிப்போன கைகளையும் புண்பட்ட கால்களையும் கண்டு, இவற்றுக்கு அறுவை மருத்துவர் செய்யத் தக்கது யாது என்ற கேள்வியுடன் வேலூர் திரும்பினார்.

தொழுநோயினால் சதையே அழுகி விழுகிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர். பிராண்டும் அவருடைய துணைவர்களும் நோயாளரின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தனர். நோயாளர் சூடான பாத்திரத்தைக் கையால் பற்றினர். முள் தைத்த காலுடன் நடந்தனர். புண்ணின் மேலேயே பாரத்தை ஊன்றினர். சிலருக்கு இரவில் விரல்நுனி காணாமற் போயிற்று. உறங்கும்பொழுது எலி கடித்தும் அவர்கள் உணரவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அதனைத் தடுக்கப் பூனை வளர்க்கச் செய்தனர். வலி என்னும் காவல் நீங்கியதால், ஒவ்வொரு நாளும் நேர்ந்த சிறு காயங்களே உறுப்புகளை அழித்தன என்பது தெளிவாயிற்று. காயத்தைத் தடுத்தும், புண்பட்ட பாதத்துக்கு ஓய்வளித்தும் வந்தால் புண் ஆறும் என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது.

இதன் பயனாக, மென்மையான நுண்துளை ரப்பர் உள்ளடியும், ஆணி ஏறாத உறுதியான அடித்தோலும் உடைய செருப்புகள் வேலூர், கரிகிரி நிலையங்களில் பழக்கத்துக்கு வந்தன. மக்கள் அவற்றை 'எம்.சி.ஆர். செருப்பு' என்பர். 1966 ஆம் ஆண்டில் பிராண்டு அமெரிக்கா சென்றபொழுது, தொழுநோயாளரிடம் கற்ற முறைகளே அங்கு நீரிழிவாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டன. நோய் வேறாயினும் உணர்ச்சியற்ற பாதத்தின் நிலை ஒன்றே. வலி செய்து வந்த காவலை இனிக் கண்ணும் கையும் செய்ய வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

நாள்தோறும் ஐந்து நிமிடம்

சங்கத்தில் நாள் முடிவில் ரொக்க இருப்பை எண்ணிச் சரிபார்க்கிறோம். குறைவு இராது என்ற நம்பிக்கையில் எண்ணாமல் விடுவதில்லை. அதுபோலவே பாதத்தையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

மாலையில் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, மேற்பாதம், உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகள் ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், வீக்கம், கசிவு, தீய நாற்றம் ஆகியவை உளவா எனக் கவனிக்க வேண்டும். புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிடுக. ஓரிடம் மட்டும் மிகச் சூடாக இருப்பின் அங்கே உள்ளூரக் கேடு தொடங்கியிருக்கலாம். காயமின்றியே ஒரு பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தால், வலி இல்லாவிடினும் அக்காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எலும்பு நொறுங்கத் தொடங்கியிருப்பதன் அறிகுறியாகவும் அஃது இருக்கக் கூடும்.

முதுகு வளையாத முதியவர் தம் உள்ளங்காலைத் தாமே காண இயலாது. தரையில் ஒரு முகக்கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பார்க்கலாம். கண்பார்வையும் குன்றியிருப்பின் வீட்டிலுள்ள பிறர் பார்க்க வேண்டும். மருமகளோ பேரப்பிள்ளையோ தம் காலைத் தொடுவது தகாது என்று கூசும் பெரியோர் பலர். அக்கூச்சம் வேண்டுவதில்லை. இளையோரும் அவர்கள் கேட்கட்டும் என்று காத்திராமல் தாமே முன்வருதல் வேண்டும்.

பாதத்தை இளஞ்சூட்டு நீரிலும் சோப்பிலும் கழுவி, விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைக்க வேண்டும். நீரின் சூட்டைக் காலால் சோதித்தல் ஆகாது. முழங்கையால் சோதிக்க வேண்டும். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம்; விரலிடுக்கில் மட்டும் தடவலாகாது, ஈரம் தங்கிச் சேற்றுப்புண் உண்டாகும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களைத் தோண்டக் கூடாது.

செய்யத் தகாதவை சிலவற்றையும் கூறுவோம். ஆணிக்காலைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிக்கால் பட்டையை ஒட்டுவதும் நீரிழிவாளர்க்குப் பெருந்தீங்கு. மதமதப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கால் வெந்தவர்கள் உண்டு. புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றை அப்புவது கிருமியை உள்ளே அடைப்பதாகும். சிறு காயமாயின் தூய நீரில் கழுவித் தூய துணியால் கட்டுக. பின்னர் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுக.

காலணி

உணர்ச்சி குன்றியவர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. வெளியே அணிவது வேறு, வீட்டுக்குள் அணிவது வேறு என இரண்டு இணைகள் வைத்துக்கொண்டால் ஆசாரத்துக்கும் குறைவில்லை, காலுக்கும் குறைவில்லை. விரல்கள் நெருங்காத அகலமும், குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும் உடைய செருப்பே ஏற்றது. இரு விரல்களுக்கிடையே வார் செல்லும் செருப்பு விரலிடுக்கை அறுக்கும். நடக்கையில் நழுவி விழவும் செய்யும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்குமாதலால் செருப்பை மாலை வேளையில் வாங்குதல் நலம். அணியுமுன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மேலே கூறிய பெரியவர் அன்று காலை தம் செருப்பின் உள்ளே கைவிட்டுத் தடவியிருந்தால் ஆணி அகப்பட்டிருக்கும்.

கோயிலுக்குச் செல்வோர் நேரத்தைக் கருதுதல் வேண்டும். மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் உள்ளது. இத்தகைய பழங்கோயில்களின் கற்றளம் சித்திரை, வைகாசி நண்பகலில் அடுப்புபோற் காயும். உணர்ச்சியுள்ளவர் துள்ளி ஓடுவர். உணர்ச்சியற்றவர் நிதானமாக மூன்று சுற்று வருவார். மறுநாள் உள்ளங்காலில் கொப்புளங்கள் காணும். அதிகாலையிலோ அந்தியிலோ வழிபடுதல் நன்று. தடித்த பருத்திக் காலுறை அணிவதும் உதவும்.

வீட்டைத் திருத்துதல்

பாதத்தின் உணர்ச்சி குன்றியவர்க்குத் தரையின் மேடு பள்ளம் தெரிவதில்லை. ஆதலால் அவர் எளிதில் விழுகிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் படுக்கையிலாகிறார். படுக்கையில் கிடப்பவரின் குதிகாலில் அழுத்தப் புண் தோன்றுகிறது. இவ்வாறு பாதமும் வீடும் ஒன்றையொன்று தொடர்கின்றன. உலகெங்கும் கீழே விழுவதனால் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் கணக்கிட்டது. இவ்வாறு இறப்போருள் முதியோரே மிகுதி.

முதலில் தறி வீட்டைப் பார்ப்போம். குழித்தறியின் குழி வேலை நடக்கும்பொழுது அபாயமன்று. வேலை முடிந்து விளக்கணைந்த பின்னரே அபாயம். ஒவ்வொரு மாலையும் குழியைப் பலகையால் மூட வேண்டும். பலகையின் விளிம்பில் வெள்ளைச் சாயம் அடித்தால் மங்கிய பார்வைக்கும் தெரியும். தார் சுற்றும் இடத்தில் சிதறும் நூல், அறுந்த கம்பி, ஊசி ஆகியவற்றை அன்றன்றே பெருக்க வேண்டும். பாவுக்கு இடும் கஞ்சி எலியை ஈர்க்கும். அதை மூடி வைப்பதோடு, உணர்ச்சியற்ற கால் உடையவர் தரையில் படுப்பதையும் தவிர்க்க வேண்டும்.

உழவர் வீட்டில் கிணற்றடியின் பாசியும், களத்தில் கிடக்கும் மண்வெட்டியும், நெல் மூட்டை கட்டிய கயிறும் கேடு விளைப்பன. பாசியை வாரந்தோறும் சுரண்டிக் கழுவுதல் எளிய வேலையே.

இன்று மாடம்பாக்கம், சேலையூர், தாம்பரம் பகுதிகளில் பழைய ஓட்டு வீடுகள் மாறி, வழவழப்பான டைல்ஸ் பதித்த மாடி வீடுகளும் அடுக்ககங்களும் பெருகிவிட்டன. சாணம் மெழுகிய தரையில் வழுக்காத கால், நீர் சிந்திய டைல்ஸ் தரையில் வழுக்கும். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் இடுக. இயலாவிடின் வழுக்காத ரப்பர் விரிப்பு இடலாம்; விளிம்பு சுருண்ட விரிப்பு இராமலிருப்பதே மேல். கழிப்பிடத்தின் பக்கச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்த வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பி ஒரு மனிதனின் பாரத்தைத் தாங்காது. நின்றுகொண்டு குளிப்பதை விட முக்காலியில் அமர்ந்து குளிப்பது பத்திரமானது. கதவுக்கு உட்புறத் தாழ் இடாமல் பழகுவதும், வெளியிலிருந்து திறக்கத் தக்க தாழ் அமைப்பதும் நல்லவை.

இரவில் சிறுநீர் கழிக்க எழும் வேளையில் விழுவோர் பலர். படுக்கையிலிருந்து கழிப்பிடம் வரை சிறு விளக்கு எரியட்டும். கைக்கெட்டும் இடத்தில் டார்ச் இருக்கட்டும். எழுந்தவுடன் நடவாமல், படுக்கையின் ஓரத்தில் கால் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்து பின்னர் எழ வேண்டும். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட்டத்தை மிகுவிக்கும். அவற்றைத் தாமே நிறுத்தலாகாது. மருத்துவரிடம் கூறி மாற்றிக்கொள்ள வேண்டும். கண்புரையை அறுவை செய்துகொள்வதும் விழுவதைக் குறைக்கும் வழியே. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியைக் காலை மாலை பத்து முறை செய்தால் தொடை வலுப்பெறும். பாதத்தில் ஆறாத புண் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்க.

ஏரிக்கரையை ஒட்டிய வீட்டினர் மழைக்காலத்தில் பாம்பையும் நினைவிற்கொள்ள வேண்டும். விறகும் செங்கல்லும் சுவரோரம் குவியலாகாது. இருளில் விளக்கும் காலணியுமின்றி இறங்கலாகாது. கடித்தால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் தவறு. காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்து வழங்குவது, நம் மாவட்டத்து வடநெம்மேலியில் 1978 ஆம் ஆண்டில் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் என்பது கூட்டுறவாளர் யாவரும் மகிழத் தக்க செய்தி.

விழுந்துவிட்டால்

விழுந்தவரை இருபுறமும் அக்குளைப் பற்றித் தூக்கி நிறுத்துவது நம்மவர் வழக்கம். அது கூடாது. முதலில் அவரைக் கிடந்தபடியே இருக்கச் செய்து, எங்கே வலி என்று கேட்க வேண்டும். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கக் கூடும். அசைக்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தாலும் அவ்வாறே. எண்ணெய் தடவி நீவுதல், முறிந்த காலை இழுத்தல் ஆகியவை எலும்பை மேலும் பிறழச் செய்யும். அடி சிறிதாயினும், ஏன் விழுந்தார் என்பதை ஆராய்ந்து அக்காரணத்தை நீக்க வேண்டும்; ஒரு முறை விழுந்தவர் மறுமுறையும் விழக் கூடும்.

சங்கம் செய்யத் தக்கவை

உணர்ச்சியைச் சோதிக்கும் கருவி நெசவாளர் நன்கறிந்த பொருளே: ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையுமாறு செய்யப்பட்ட அவ்விழையை உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருப்பவர் உணர்கிறாரா என்று மருத்துவப் பணியாளர் கேட்பார். ஒருவருக்குச் சில நிமிடங்களே ஆகும். நீரிழிவாளர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். உறுப்பினர் கூடும் பேரவை நாளில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து இதனை நடத்துதல் எளிது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை இல்லத்திலேயே வழங்கவும் இயன்முறை மருத்துவம் அளிக்கவும் வகை செய்யப்பட்டது. நம் உறுப்பினர் வீட்டு முதியோரின் பெயர்கள் அத்தகைய பட்டியல்களில் உள்ளனவா என்று கேட்டறிதல் நிருவாகக் குழுவினரின் கடமை.

துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து எம்.சி.ஆர். செருப்புகளையும் குளியலறைக் கைப்பிடிகளையும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்க்கு அடக்க விலையில் அளிக்கலாம். சமுதாய அக்கறை என்பது 1995 ஆம் ஆண்டில் அனைத்துலகக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கொள்கைகளுள் ஒன்று. அதனை வெளியே சென்று தேட வேண்டுவதில்லை. நம் உறுப்பினர் பதிவேட்டின் முதற் பக்கங்களில் உள்ள பழைய பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

நாம் குறிப்பிட்ட பெரியவர் இன்றும் சங்கத்துக்கு வருகிறார். பின்வார் வைத்த செருப்பு அணிந்திருக்கிறார். இரவுதோறும் அவருடைய பேத்தி உள்ளங்காலைப் பார்த்து, நாட்காட்டியில் அன்றைய தேதிக்கு நேரே ஒரு கோடு இடுகிறாள். சென்ற முறை எழுத்தரிடம், "உங்கள் அப்பா காலை யார் பார்க்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். எழுத்தரிடம் விடை இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் அக்கேள்வியை இன்று தம் வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. பாதத்தில் எரிச்சல் தானே நின்றுபோவது ஏன் நல்ல அறிகுறி என்று கொள்ளத் தக்கதன்று?

2. தொழுநோயாளரின் விரல்கள் அழிந்தமைக்குத் திருமணி, வேலூர் அனுபவங்கள் காட்டிய காரணம் யாது? அது நீரிழிவாளர்க்கு எவ்வாறு பொருந்தும்?

3. உங்கள் வீட்டில் முதியவர் இரவில் படுக்கையிலிருந்து கழிப்பிடம் வரை செல்லும் வழியை விளக்கணைத்து நடந்து பாருங்கள். எத்தனை இடங்களில் கால் தடுக்குகிறது? அவற்றுள் செலவின்றி இன்றே நீக்கத் தக்கவை எவை?

4. உங்கள் சங்கத்தில் அறுபது வயது கடந்த உறுப்பினர் எத்தனை பேர்? அவர்களுள் பாதச் சோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்?